ஒப்பந்தத்தில் இல்லாத பெயர்

நேயர்களுக்கு வணக்கம். தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்யா என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அதற்கு மிக அருகில் மக்கள் வாழும் இடமான செயின்ட் ஹெலினாவே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அந்த செயின்ட் ஹெலினாவில் நெப்போலியன் சிறை வைக்கப்பட்டிருந்த காலத்தில், அவரை மீட்க நினைப்பவர்கள் டிரிஸ்டனில் தளம் அமைத்துவிடுவார்களோ என்று அஞ்சிய பிரிட்டன், 1816-இல் அங்கே ஒரு படைப்பிரிவை அனுப்பியது. மறு ஆண்டே படை திரும்பிவிட, வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் அவர் மணந்த மரியா லீண்டர்ஸும் கைக்குழந்தைகளோடு உடன் தங்கினார்.

1817 நவம்பரில் கிளாஸும் உடனிருந்த இருவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். உடைமைகள் அனைவருக்கும் பொது, வரும் இலாபம் சமபங்கு, எவரும் எவருக்கும் மேலானவர் அல்லர் என்பது அதன் சாரம். அந்தக் காலத்துக்கு அது வியப்பூட்டும் ஆவணம்தான். ஆனால், கையெழுத்திட்ட மூவரும் ஆண்கள். எல்லோரும் சமம் என்று எழுதிய தாளில் மரியாவின் பெயரைத் தேடினேன், இல்லை.

அவருக்குப் பிள்ளைகள் பதினாறு பேர். பெரும்பாலோர், மருத்துவர் இல்லாத அந்தத் தீவிலேயே பிறந்தவர்கள். 1824-இல் கப்பல் விட்டுச் சென்றதால் எட்டு மாதம் அங்கே சிக்கிக்கொண்ட ஓவியர் அகஸ்டஸ் ஏர்ல், தமக்குக் கிடைத்த கால்சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்: முன்பக்கம் பாய்த்துணி, பின்பக்கம் மயிர் வெளியே தெரியும் ஆட்டுத்தோல், மலையில் சறுக்கி இறங்க அதுவே வசதியாம்! விருந்தாளிக்கே அந்த உடை என்றால், ஆண்டுக்கு ஆண்டு வளரும் அத்தனை பிள்ளைகளுக்கும் உடுத்த எதையாவது தேட வேண்டிய தாயின் பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1827-இல், தீவில் தனியாக இருந்த ஆண்களை மணக்க, செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆண்களுக்கு மனைவியர் கிடைத்த கதையாகவே இதை எல்லோரும் சொல்கிறார்கள்; பேச்சுத்துணைக்குப் பெண்கள் அரிதாயிருந்த பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மரியாவுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று வாய்த்த நாளாகவே எனக்கு அது தோன்றுகிறது.

கிளாஸ் 1853-இல் மறைந்தார். அதன்பின் மரியா தீவை விட்டுப் புறப்பட்டார்; பிறந்த கேப் மண்ணுக்கு அல்ல, திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்து தம் மகள்களை மணந்தவர்களின் துறைமுகமான அமெரிக்காவின் நியூ லண்டனுக்கு.