லெதர் சோஃபால முதல்ல கெடுற இடம் எது?

வணக்கம் மக்களே. இன்னைக்கு லெதர் சோஃபா. கேமராவை கைப்பிடிகிட்ட கொண்டுவரேன், பாருங்க. கை வைக்கிற முனையில மட்டும் ஒரு மினுமினுப்பு தெரியுதா? பளபளன்னு நல்லாதானே இருக்குன்னு தோணும். விரலை வச்சு இழுத்தா லேசா ஒட்டுது. அது பாலிஷ் இல்லீங்க, அழுக்கு. வேர்வையும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து படிஞ்சது. தலை சாய்க்கிற இடத்துலயும் இதே கதைதான்.

லெதர் காஞ்சுபோய்தான் கெடுதுன்னு நினைச்சு நிறைய பேர் கண்டிஷனரா வாங்கித் தேய்க்கிறாங்க. வீடுகள்ல இருக்கிற சோஃபால பெரும்பாலும் மேல கலர் பூச்சு உண்டு. அதைத் தாண்டி கண்டிஷனர் பெருசா உள்ள இறங்காது. ஆனா இந்த எண்ணெய்ப் பிசுக்கு மாசக்கணக்குல ஊறினா பூச்சு இளகும், அப்புறம் உரியும். அதனால என்னைக் கேட்டா, துடைக்கிறதுதான் முக்கால்வாசி வேலை.

முதல்ல எந்த லெதர்னு பாத்துக்கலாம். பின்பக்கம், கண்ணுல படாத இடத்துல ஒரு சொட்டு தண்ணி. இதோ, முத்து மாதிரி நிக்குது. பூச்சு இருக்கு. நிக்காம உள்ள இழுத்து அந்த இடம் கறுத்தா அது அனிலின், சாயம் மட்டும் ஏத்தினது, சீக்கிரம் கறை பிடிக்கும். தொட்டா வெல்வெட் மாதிரி இருந்தா நூபக் இல்லேன்னா ஸ்வேட். இப்ப நான் செய்யப்போற எதையும் அதுல செய்யாதீங்க.

வேக்குவம்ல மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷை மாட்டி, மெத்தை இடுக்கு வரைக்கும் தூசியை எடுத்துடுங்க. மண் துகளோட ஈரத்துணி போட்டா உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி கீறும்.

அடுத்து லெதர் கிளீனர். சோஃபா மேல நேரா ஊத்தாதீங்க, தையல் வழியா உள்ள போயிடும். ஸ்பாஞ்சுல கொஞ்சம் விட்டு, நுரை வர்ற வரைக்கும் பிசைஞ்சு, அந்த நுரையால மட்டும் தேய்ங்க. ஒரு தடவைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி போதும். நுரை காயறதுக்குள்ள, நல்லாப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணியால எடுத்துட்டு, உலர்ந்த துணியால ஒத்திடுங்க. துணியைப் பாருங்க, பழுப்பா வந்திருக்கு. இதுதான் வரணும். சோஃபாவோட கலரே துணியில வந்தா உடனே நிறுத்திடுங்க, அங்க பூச்சு ஏற்கெனவே போயிடுச்சுன்னு அர்த்தம். கறுப்பு சோஃபாவுக்கு வெள்ளைத் துணியா எடுத்தா வித்தியாசம் தெரியும்.

பாத்திரம் கழுவுற சோப்பு, சமையல் சோடா, அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எல்லாம் வேண்டாம். லெதர் லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 4, 5 பக்கம். சோடாவும் அம்மோனியாவும் காரம், சோப்புலயும் பல வகை அப்படித்தான். ஒரு தடவையில ஒண்ணும் தெரியாது. வாராவாரம் போட்டா பூச்சு மங்கி விறைச்சுடும்.

கண்டிஷனர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் லெதர் முழுசா காஞ்சப்புறம். ஹேர் டிரையர் பிடிக்காதீங்க, காத்தாட விடுங்க. ஒரு மெத்தைக்கு சுண்டைக்காய் அளவு, துணியில எடுத்து மெல்லிசாப் பரப்பி, கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்தைத் துடைச்சுடுங்க. அதுக்குப் பதிலா ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய்னு போட்டா தூசி ஒட்டும், நிறம் கறுக்கும், நாளானா காறல் வாடையும் வரும்.

தோல் செதில் செதிலா உரிஞ்சு, அடியில துணி தெரியுதா? அது முழு லெதர் இல்லை. ரெக்சினோ, லெதர் தூளை ஒட்டி மேல பாலியூரித்தேன் பூசினதோ இருக்கும். அந்தப் படலம் ஈரப்பதத்துல சிதைஞ்சு உரியுது. எந்த கிரீமும் அதை ஒட்டாது, காசை வீணாக்காதீங்க.

சாதாரண நாள்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தலை படுற இடத்தையும் கைப்பிடியையும் மட்டும் ஈரத்துணியால துடைச்சாலே போதும். ஹீட்டர்லேருந்து ரெண்டு அடியாவது தள்ளிப் போடுங்க, நேர் வெயிலும் படக்கூடாது.

பேனா மை பட்டா? உடனே உலர்ந்த துணியால ஒத்துங்க, தேய்க்காதீங்க. நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் எடுத்துடாதீங்க. அசிட்டோன் மையோட சேர்த்து சோஃபா கலரையும் கரைச்சுடும், அப்புறம் நீலக் கோடு இருந்த இடத்துல வெளுத்த திட்டுதான் நிக்கும்.