ஏணியும் எறும்பும்

நேயர்களுக்கு வணக்கம். பேனா, தாள் எதுவும் தேட வேண்டாம். சுவரில் சாய்த்து வைத்த ஓர் ஏணியை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். தரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம், ஏணி மூன்றாவது பக்கம். தரையும் சுவரும் சேரும் மூலையில் செங்கோணம். அதற்கு எதிரே சாய்ந்திருக்கும் ஏணிதான் கர்ணம். மூன்றில் நீளமானது எப்போதும் அதுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சைன், கோசைன், டேன் என்று, ஒரு கோணத்துக்குப் பக்கங்களின் விகிதம் சொல்லும் பாடம் வந்ததும் பிள்ளைகள் தடுமாறுவது பெருக்கலிலோ வகுத்தலிலோ இல்லை. எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்பதில்தான்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "நேத்து சுவரை எதிர்ப்பக்கம்னு சொன்னீங்க சார், இன்னைக்குத் தரையைச் சொல்றீங்க. எதை எழுதிக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புத்தகத்தை மூடிவிட்டு, மர ஸ்கேல் ஒன்றை மேஜைமேல் நிறுத்திச் சுவரில் சாய்த்தேன். "உன் விரல்தான் எறும்பு. ஸ்கேலின் அடியில் வை. எறும்புக்கு எதிரே என்ன இருக்கு?" "சுவர்." "தொட்டுக்கொண்டிருப்பது?" "மேஜையும் ஸ்கேலும்." அப்புறம் விரலை மெதுவாக உச்சிக்கு நகர்த்தச் சொன்னேன். அங்கே போனதும் சுவர் எறும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மேஜை எதிரே போய்விட்டது. ஸ்கேல் மட்டும் அதே கர்ணம். விரலை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ முதல்ல எறும்பு எங்கேன்னு பார்க்கணும்" என்றாள். அன்றிலிருந்து நான் பாடத்தை இப்படித்தான் தொடங்குகிறேன்.

சரி, எறும்பு அடியில் இருக்கட்டும். ஏணி 4 மீட்டர், தரையோடு 75 டிகிரி. ஏணி எவ்வளவு உயரம் எட்டும்? தெரிந்தது கர்ணம், வேண்டியது எதிர்ப்பக்கம். இந்த இரண்டையும் சேர்ப்பது சைன்: எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வருவது. 75 டிகிரிக்குச் சைன் 0.966. நாலால் பெருக்கினால் 3.86 மீட்டர். ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி? அது எறும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்துள்ள பக்கம். அதைக் கர்ணத்தால் வகுத்தால் வருவது கோசைன்: 0.259. நாலால் பெருக்கினால் ஏறக்குறைய 1 மீட்டர். நாலு மீட்டர் ஏணிக்கு ஒரு மீட்டர் தள்ளி வை என்று ஏணி ஏறுபவர்கள் சொல்வதும் இதைத்தான்.

எறும்பை உச்சிக்கு அனுப்புங்கள். அங்கே கோணம் 15 டிகிரி. இப்போது தரைதான் எதிர்ப்பக்கம். 15 டிகிரிக்குச் சைன் பார்த்தால் அதே 0.259! ஒரு கோணத்தின் கோசைன் என்பது அதன் நிரப்புக் கோணத்தின், அதாவது அதோடு சேர்ந்து 90 டிகிரி ஆகும் கோணத்தின், சைன்தான். பெயரில் இருக்கும் 'கோ' அதைத்தான் சொல்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஏணியின் நீளமே தெரியாவிட்டால்? 3 மீட்டர் உயரம் எட்ட வேண்டும், அதே 75 டிகிரி. பலர் பழக்கத்தில் பெருக்கிவிடுவார்கள், 2.9 வரும். எட்ட வேண்டிய உயரத்தைவிடக் குட்டையான ஏணி! கர்ணம்தான் நீளமானது என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான் காப்பாற்றும். 3ஐ 0.966ஆல் வகுக்க வேண்டும். 3.1 மீட்டர்.

கர்ணமே கணக்கில் வராதபோது, தரையும் சுவரும் மட்டும் என்றால், டேன்: எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் வருவது. அதற்கு மரத்தின் உயரம் காண்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்குகிறது. 45 டிகிரிக்கு டேன் 1 என்பதால், மர உச்சி 45 டிகிரியில் தெரியும்வரை சமதரையில் பின்னால் நகருங்கள். மரத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம்.

கடைசியாக ஒன்று. கால்குலேட்டரில் முதலில் 30க்குச் சைன் போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. மைனஸ் 0.988 வந்தால் அது ரேடியன் என்ற வேறொரு கோண அளவில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். வணக்கம்.