எண்ணெய் கொஞ்சம், துணி நிறைய

வணக்கம். இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம் மோட்டார் சைக்கிள் செயின், அதைச் சுத்தம் செய்வது, எண்ணெய் விடுவது. இதில் பேச என்ன இருக்கிறது, கேனை எடுத்து நாலு சொட்டு விட்டால் போச்சு என்று நினைக்கிறீர்களா? நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நினைப்பிலேயே ஒரு நல்ல செயினைப் பாதி வயதிலேயே தூக்கிப் போடவும் வைத்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

வானொலி என்பதால் காதிலிருந்தே தொடங்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல செயின் மெல்லிய 'சிலுசிலு' சத்தத்தோடு ஓடும். வறண்ட செயின் கீச்சிடும். அழுக்கு ஏறிய செயின் 'கரகர' என்று மண்ணை மெல்லுவது மாதிரி இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஏதோ ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. இந்த நாலு சத்தத்தைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

சரி, செயினுக்குள் என்னதான் இருக்கிறது? வெளியே தெரிவது பக்கத் தகடுகள். இரண்டு தகடுகளைக் குறுக்கே கோக்கிற ஆணியைப் 'பின்' என்பார்கள். அந்தப் பின்னைச் சுற்றி ஒரு குழல், அதைப் புஷ் என்பார்கள். புஷ்ஷின் மேல் சுழலுவது ரோலர், பல்சக்கரத்தின் பல்லில் போய் உட்காருவது அதுதான். ஹான்ஸ் ரெனால்ட் என்ற பொறியாளர் இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியது 1880-இல். அடிப்படை அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும், நடுவில் வந்த பெரிய மாற்றம் ஒரு சின்ன ரப்பர் வளையம் மட்டும்.

இப்போது ஒரு கணக்கு. செயினில் 110 கண்ணி, பின்பக்கப் பல்சக்கரத்தில் 42 பல், சக்கரம் ஒரு சுற்றில் சுமார் இரண்டு மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது சக்கரம் 500 சுற்று. செயின் முழுசாக ஒரு வலம் வருவது நிமிடத்துக்கு 190 தடவை. ஒரு வலத்தில் ஒவ்வொரு மூட்டும் நாலு முறை மடங்கி நிமிர்கிறது, முன் பல்சக்கரத்தில் ஏறும்போது, இறங்கும்போது, பின்னால் ஏறும்போது, இறங்கும்போது. ஆக ஒரு நிமிடத்தில் 700 மடக்குக்கு மேல், அதுவும் இன்ஜின் இழுக்கிற இழுப்பைத் தாங்கிக்கொண்டே. முன் பல்சக்கரம் சின்னது, 15 பல் என்றால் அங்கே ஒவ்வொரு மடக்கும் 24 டிகிரி, பின்னால் ஒன்பது டிகிரிகூட வராது.

இந்த மடக்கெல்லாம் நடக்கிற இடம் எது? பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளி. அது கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது தகட்டின் வெளிப்பக்கம், எண்ணெய் பூசுவதும் அங்கேதான், பளபளவென்று இருந்தால் திருப்திப்படுவதும் அதைப் பார்த்துத்தான். தேய்கிற இடம் வேறே, நாம் எண்ணெய் தடவுகிற இடம் வேறே.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம் இல்லையா, உண்மையில் இரும்பு நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் வருகிறது. ஒரு மூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் 110 மூட்டில் அது 11 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

இங்கேதான் என் கதை. வண்டி புதிது, எனக்கு ஆர்வம் அதிகம், அனுபவம் கம்மி. கெட்டியாக இருந்தால் நிறைய நாள் நிற்கும் என்று பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை எடுத்துச் செயின் முழுக்க அப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கெட்டிக் கிரீஸ் அந்த மயிரிழை இடைவெளிக்குள் போகவே போகாது, வெளியிலேயே உட்கார்ந்துகொண்டு தெருவில் பறக்கிற மணலையெல்லாம் வரவேற்று உட்கார வைக்கும். எண்ணெயோடு மண் கலந்தால் அது மசகு இல்லை, சாணை பிடிக்கிற பசை. நான் வாரா வாரம் பழைய பசைக்கு மேல் புதுப் பசை போட்டுக்கொண்டிருந்தேன், துடைத்தது ஒரு நாள்கூட இல்லை. அந்தச் செயினைக் கழற்றும்போது பல்சக்கரத்தின் பற்கள் சுறாமீனின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தன.

ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால் நான் சொல்வது, துடையுங்கள் என்பதுதான். எண்ணெய் விட நேரமில்லாத நாளிலும் ஒரு பழைய துணியால் செயினைப் பிடித்துத் துடைத்துவிட்டாவது போங்கள்.

அடுத்து அந்த ரப்பர் வளையம். இப்போது வருகிற பல வண்டிகளில் ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் செயின் இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தால் மெல்லிய கறுப்பு ரப்பர் ஓரம் தெரியும். இதில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸை அடைத்து இரண்டு பக்கமும் வளையத்தால் மூடிவிடுகிறார்கள். அந்தக் கிரீஸை நம்மால் வெளியிலிருந்து நிரப்ப முடியாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அப்படியென்றால் எண்ணெயே வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மூடி எதுவும் கிடையாது, அங்கே எண்ணெய் வெளியிலிருந்துதான் போக வேண்டும். தகடு துருப்பிடிக்காமலும் ரப்பர் காய்ந்து வெடிக்காமலும் இருப்பதற்கும் அது தேவை. வளையம் இல்லாத சாதாரணச் செயின் என்றால் எல்லாமே நம் கையில்தான், அது அடிக்கடி எண்ணெய் கேட்கும்.

எதை வைத்துக் கழுவுவது? மண்ணெண்ணெய் போதும். செயினுக்கென்றே விற்கிற கிளீனர் ஸ்ப்ரே வாங்கினாலும் சரி, ஓ-ரிங்குக்கு ஒத்துவரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோல் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும், அதைவிட முக்கியம், ஒரு பொறி போதும். கம்பிப் பிரஷ் வேண்டாம், வளையத்தைக் கிழித்துவிடும், நைலான் பிரஷ் அல்லது பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். வாட்டர் சர்வீஸில் வேகமாக அடிக்கிற தண்ணீரைச் செயினுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லாதீர்கள், அந்த அழுத்தம் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும், உள்ளே இருந்த கிரீஸ் வெளியே வந்துவிடும். கடையில் விற்கிற டபிள்யூடி-40 ஸ்ப்ரேயைப் போடலாமா என்ற கேள்வி எங்கே போனாலும் வரும். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கே நீரை விரட்டுவது, நாற்பதாவது முயற்சி என்றுதான் அர்த்தம். நனைந்த செயினில் தண்ணீரை விரட்டவும் அழுக்கை இளக்கவும் உதவும், ஆனால் ஓடுகிற செயினில் மசகாக நிற்கும் அளவுக்கு அதில் கனம் இல்லை.

இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை வீணாக்காமல் செயினுக்கு விடுவது பலருக்குப் பழக்கம். சிக்கனம்தான், எனக்கும் அதில் அனுதாபம் உண்டு. ஆனால் அந்த ஆயிலை மாற்றியதே அதில் உலோகத் துகளும் கரியும் சேர்ந்துவிட்டது என்பதால்தானே, அதையே எடுத்து இன்னொரு மூட்டில் விடுவானேன்?

இனி கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். செயினைச் சுற்றுவதற்கு இன்ஜினை ஓட்டாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முதல் கியரில் விட்டு, சக்கரம் தானாகச் சுற்ற, ஒரு கையில் துணியைப் பிடித்துச் செயினைத் துடைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் போதும், துணியோடு விரலும் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போய்விடும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க நேரமே கிடைக்காது, மெதுவாகத்தான் ஓடுகிறது என்ற சமாதானமும் வேண்டாம், ஐடிலிங்கில் ஓடும்போதுகூட விரலைத் துண்டாக்கும் பலம் அதற்கு உண்டு. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் குழந்தைகள் நின்றால் இன்னும் கட்டாயம். கையால் சுற்றும்போதும் பல்சக்கரத்தைத் தொடாமல் டயரைப் பிடித்துச் சுற்றுங்கள், துணியைச் செயினின் கீழ்ப்பக்க ஓட்டத்தில், இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில், தள்ளிப் பிடியுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற தனி ஸ்டாண்ட், பேடாக் ஸ்டாண்ட் என்பார்கள், அதுவும் இல்லையென்றால் வண்டியை ஒரு முழம் ஒரு முழமாக முன்னால் தள்ளித் தள்ளி வேலையைப் பாருங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

கழுவும்போது ஒரு கண்ணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வது நல்லது. பின்சக்கரத்தைக் கிட்டத்தட்ட மூன்று சுற்று சுற்றினால்தான் அந்தக் கோடு மறுபடி அதே இடத்துக்கு வரும், கோடு இல்லாவிட்டால் ஒரே பகுதியை மூன்று முறை தேய்த்துவிட்டு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுவோம். மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள், வாளியாக ஊற்ற வேண்டாம், மணிக்கணக்கில் ஊற வைக்கவும் வேண்டாம். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் படாமல் ஒரு அட்டையை நடுவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, காய விட்டு, முன் பல்சக்கரத்தின் மூடிக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், பல மாத அழுக்கு அங்கே அடை அடையாக இருக்கும்.

எண்ணெய் விட நல்ல நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்த பிறகு. செயின் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், எண்ணெய் இளகி உள்ளே இறங்கும், இரவு முழுக்க நின்றால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். செயின் லூப் என்கிற மசகு ஸ்ப்ரேவோ 80 அல்லது 90 எண் கியர் ஆயிலோ, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்னதை விடுங்கள். விடுகிற இடம்தான் முக்கியம். செயினின் கீழ்ப்பக்க ஓட்டத்தில், உள்பக்கமாக, தகடும் தகடும் சேருகிற விளிம்பில் ஒரு சுற்று, ரோலரின் ஓரத்தில் ஒரு சுற்று. உள்பக்கம் விட்டால் செயின் சுழலும் வேகமே எண்ணெயை வெளிப்பக்கமாகத் தள்ளி மூட்டு முழுக்கப் பரப்பிவிடும். கால் மணி நேரம் கழித்து வெளியே மினுங்குகிற எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுங்கள். போட்ட எண்ணெயைத் துடைக்க மனசு வராது, தெரியும். உள்ளே போனதுதான் எண்ணெய், வெளியே நிற்பது மண்ணுக்கு விரித்த பாய்.

ஒருமுறை நான் அவசரத்தில் காலையில் கிளம்பும்போது தாராளமாக ஸ்ப்ரே அடித்துவிட்டு, துடைக்காமலே வண்டியை எடுத்தேன். எண்ணெய் சிதறிப் பின்டயரின் ஓரத்தில் பட்டிருக்கிறது. நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை, முதல் வளைவில் வண்டியைச் சாய்த்ததும் பின்சக்கரம் சர்ரென்று வழுக்கியது. விழவில்லை, அதற்கு என் திறமை காரணம் இல்லை.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? பல வண்டிகளின் கையேடு 500 முதல் 1000 கி.மீ.க்குள் ஒரு கணக்கைச் சொல்லும். மழையிலோ சேற்றிலோ ஓட்டினால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள். செயினை முழுசாக மூடிய கவர் உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கண்ணில் படாததால் அடியோடு மறந்துவிடுகிறார்கள். கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள்.

எண்ணெய் வேலை முடிந்ததும் தொய்வைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பக்க ஓட்டத்தின் நடுவில் செயினை மேலும் கீழும் அசைத்தால் பல வண்டிகளில் 20 முதல் 35 மி.மீ.க்குள் ஆட்டம் இருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கலாம். சக்கரத்தைச் சுற்றி மூன்று நாலு இடத்தில் பாருங்கள், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். லூஸ் செயினைவிட அளவுக்கு மீறி இறுக்கிய செயின் எனக்குப் பயம். ஆள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், இடமே விடாமல் இறுக்கியிருந்தால் அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். பின்சக்கர அச்சின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, செயினை இறுக்குகிற அட்ஜஸ்டரைத் திருப்பும்போது இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும், நட்டை இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி அளக்க வேண்டும். பின்னால் டிரம் பிரேக் என்றால் சக்கரம் நகர்ந்ததில் பிரேக் பெடலின் இடைவெளியும் மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. பின் பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் அந்தச் செயினுக்கு எண்ணெய் விட்டுப் பிரயோஜனம் இல்லை, இரண்டு பல்சக்கரத்தோடும் சேர்த்து செட்டாக மாற்றிவிடுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் அதே கதிக்கு வரும். இரண்டு முனையையும் கிளிப் போட்டு இணைத்த செயின் என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால்.

அழுக்கான மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் ஊற்றி, குடிக்கிற பாட்டில் இல்லை என்று பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் நாலு நாள் அசையாமல் வைத்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மெதுவாக இறுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை முதல் கழுவலுக்கு அதுவே போதும். நன்றி, வணக்கம்.