சிவப்புக் கோட்டில் தங்கம்

வணக்கம் நேயர்களே. கொழும்பில் இருந்துகொண்டு டெங்கு ரெஸ்டுக்கு ஒரு முறையாவது இரத்தம் கொடுக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த ரெஸ்ட் நடக்கும் பட்டையைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. 20 வருடமாக ஆய்வுகூடத்தில் அதோடேயே இருப்பவள் என்பதால், இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் உறை. ஒரு முனையில் சின்னக் குழி. அதில் சில துளிகள் விட்டுவிட்டுக் காத்திருந்தால், உள்ளே இருக்கும் காகிதம் போன்ற பட்டையில் ஈரம் மெல்ல ஊர்ந்து போகும். 15, 20 நிமிடத்தில் இரண்டு சிவப்புக் கோடு வந்தால் டெங்கு. ஒன்று மட்டும் வந்தால், பட்டை வேலை செய்கிறது, ஆனால் தேடியது அகப்படவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சிவப்பு இரத்தத்தின் நிறம் இல்லை. பெரும்பாலான பட்டைகளில் அது தங்கம். செட்டியார் தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிற அதே தங்கம்தான். தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 40 நனோமீற்றர் அளவுக்குத் தங்கத்தைப் பொடியாக்கினால் மஞ்சள் போய்விடும். அந்தத் துணிக்கைகள் பச்சை ஒளியை விழுங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. மைக்கேல் பாரடே 1857இல் லண்டனில் இப்படிச் செய்த தங்கக் கரைசல் இன்னும் போத்தலில் சிவப்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு துணிக்கையின் மேலும் பிறபொருளெதிரிகளை, அதாவது கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதங்களை, ஒட்டிவிடுகிறார்கள். டெங்கு வைரசு இரத்தத்தில் கொட்டும் என்எஸ்-1 என்ற புரதத்தை அவை கவ்விக்கொண்டு ஓடும். கோடு போட்ட இடத்தில் இன்னொரு பிறபொருளெதிரி காத்திருந்து பிடித்துக்கொள்ளும். அங்கே தங்கம் சேரச் சேரக் கோடு தெரியும்.

சரி, அந்தப் புரதம் என்ன செய்கிறது? வெகுகாலம் நாங்கள் அதை வைரசு வந்துபோனதற்கான தடயமாக மட்டுமே பார்த்தோம். 2015இல் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இரண்டு குழுக்கள் வேறு கதை சொன்னார்கள். வைரசே இல்லாமல் இந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தபோது எலிகளின் குருதிக் குழாய்கள் கசிந்தன. குழாயின் உட்சுவரில் சர்க்கரை இழைகளால் ஆன மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. என்எஸ்-1 உட்சுவரில் உள்ள கலங்களைத் தூண்டி, அவற்றின் சொந்த நொதியங்களாலேயே பூச்சை அரிக்க வைக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. தடயம் என்று நினைத்தது கள்ளனின் கையாளாக இருந்திருக்கிறது! அதைத் தடுக்கும் மருந்து இன்னும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை.

காய்ச்சல் விடும் நேரத்தில் வைத்தியர்கள் கூடுதலாகப் பயப்படுவது இந்தக் கசிவுக்குத்தான். நீர் வெளியேறினால், வற்றிய குழம்பு மாதிரி இரத்தம் தடித்துவிடும். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் நான் சொல்வது, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் பிசிவி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் என் தங்கையின் மகனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் பட்டையில் ஒரே கோடு. "அக்கா, நெகட்டிவ். நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பவா?" என்று போன் பண்ணினாள். 2017இல், நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான வருடம், கைக்குழந்தையாக அவனும் படுத்தவன். முன்பே ஒருமுறை வந்தவர்களின் உடலில் பழைய பிறபொருளெதிரிகள் இருக்கும். அவை என்எஸ்-1ஐ முந்திப் போய் மூடிக்கொண்டால், பட்டையில் உள்ளவற்றுக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. நோய் இருக்கும், கோடு இருக்காது. அனுப்பாதே, நாளைக்கு இன்னொரு முறை இரத்தம் கொடு என்றேன். மறுநாள் பிளேட்லெட் இறங்கியிருந்தது, பிசிவி ஏறியிருந்தது. அன்றே வார்டில் சேர்த்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கும் இந்தத் தங்கக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரியம்மா, லேபில எறியிற பட்டையெல்லாம் சேர்த்து வித்தால் என்ன?" என்றான். செட்டியார் தெருவில் அதற்கு ஒருத்தரும் தராசைக்கூட எடுக்க மாட்டார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.