அங்கே யாராவது இருக்கிறார்களா? காவலூர் வானம் கேட்கும் கேள்வி

(குடியாத்தத்தில் தை மாத மாலையொன்றில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, தம் வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, எனக்கு முன் பேசிய புலவர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகை வாங்காமல் தந்த பந்தல்காரத் தம்பி அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய கைத்தறித் துண்டு இந்த ஊர்த் தறியில் நெய்தது என்றார்கள். பட்டுப் பொன்னாடையைவிட இது எனக்குப் பெரிது. நகர்மன்றத் தலைவர் அவர்கள் இறுதிவரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு விண்ணப்பம் இருப்பதால் இதை முதலிலேயே நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.

விண்வெளியில் நம்மைப் போல அறிவுள்ள உயிர்கள் உண்டா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, இருக்க வாய்ப்பு உண்டா? இரண்டு, இருந்தால் ஏன் மௌனமாக இருக்கிறார்கள்? மூன்று, அதற்கும் நம் வட ஆர்க்காட்டுக்கும் என்ன தொடர்பு? மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் எங்கள் தலைமுறைக்கு இது வட ஆர்க்காடுதான்.

நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருக்கின்றன. 1995-இல் மிஷேல் மாயோர், டிடியே கெலோ என்ற இருவர், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். 2019-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அப்படிப்பட்ட வேற்றுச் சூரியக் கோள்கள் 5,000-க்கும் மேல் உறுதியாகியிருக்கின்றன. ஆக, வீடுகள் இருக்கின்றன. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் 1960-இல் இரண்டு விண்மீன்களை நோக்கி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு சமன்பாடு எழுதினார். எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, எத்தனைக்குக் கோள்கள் உண்டு, எத்தனையில் உயிர் தோன்றும், எத்தனையில் அறிவு வளரும் என்று ஏழு காரணிகளைப் பெருக்கிக்கொண்டே போய், செய்தி அனுப்பக்கூடிய நாகரிகங்கள் பால்வீதியில் எத்தனை என்று தேடும் கணக்கு. அதில் கடைசிக் காரணி என் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று. செய்தி அனுப்பும் அளவுக்கு வளர்ந்த ஒரு நாகரிகம், அதன்பின் எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும்? அணுகுண்டு செய்யத் தெரிந்த இனம் அதை வெடித்துக்கொள்ளாமல் எவ்வளவு காலம் தாங்கும்? தன் வீட்டு விளக்கு தன்னைச் சுடாதா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். டிரேக்கின் கடைசிக் காரணி அந்தக் கேள்விதான்.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹையோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கியில் விண்ணிலிருந்து வந்ததுபோல 72 விநாடிகள் பலமான ரேடியோ சைகை ஒன்று பதிவானது. பிறகு அது திரும்ப வரவே இல்லை. அதே ஆண்டுதான் அமெரிக்காவின் இரண்டு வாயேஜர் விண்கலங்களும் வெளிக் கோள்களைத் தாண்டிப் போகப் புறப்பட்டன. எங்காவது யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. இந்துஸ்தானி இசைப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரல் அதில் போகிறது. 55 மொழிகளில் வணக்கம் போகிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, பேசுவோர் அற்றுப்போன சுமேரிய மொழிகூட உண்டு. தமிழ் இல்லை. இதை மேடைதோறும் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன். அடுத்த தட்டு போகும் நாளில் தமிழ் வணக்கம் அதில் இருக்க வேண்டுமானால், விண்ணை ஆராயும் இடத்தில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1999 டிசம்பர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை. நாற்பது மாணவர்களை வாடகை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போனோம். ஜவ்வாது மலையில், வானாய்வகம் அமைக்க வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-இல் சிறிய தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 1986-இல் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை. 1982-லேயே மறைந்துவிட்டார்.

நாங்கள் போன அன்று மேகம். பிள்ளைகள் கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டுக் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணியாகியும் வானம் திறக்கவில்லை. டிரைவர் மணியைப் பார்க்கிறார், நான் மேகத்தைப் பார்க்கிறேன். திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது, நடுவில் ஒரு வேட்டி அகலத்துக்கு மேகம் கிழிந்தது. அங்கிருந்த ஊழியர் ஒருவர், அவருக்குப் பெரிய புண்ணியம், ஓடிவந்து பார்வையாளர்களுக்கான சிறிய தொலைநோக்கியைச் சனிக் கோளுக்குத் திருப்பினார். ஆளுக்கு அரை நிமிடம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளுடைய அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுபவர், கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவன் தள்ளியபிறகுதான் விலகினாள். என்னம்மா தெரிந்தது என்று கேட்டேன். "ஐயா, கோலத்தைச் சுற்றிச் செம்மண் இட்டமாதிரி இருக்கிறது" என்றாள். அந்த ஒளி எழுபது நிமிடம் பயணம் செய்து வந்து அவள் கண்ணில் விழுந்தது என்று சொன்னேன். அவள் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

கதை அங்கே முடியவில்லை. இறங்கும் வழியில் ஒரு வளைவில் டயர் பஞ்சர். டிரைவர் விளக்கை அணைத்துவிட்டார். அதற்குள் மேகம் முழுக்கக் கலைந்திருந்தது. நாற்பது பிள்ளைகளும் சாலையில் இறங்கி நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. பள்ளியில் அதட்டினாலும் அடங்காத பிள்ளைகள். பால்வீதி தலைக்கு மேலே ஒரு மெல்லிய புகைத்தடம் போலப் போயிற்று. டயர் மாற்றி முடிக்கும் நேரத்தில் அந்தப் பெண் என் அருகில் வந்து, "இவ்வளவு இருக்கிறதே ஐயா, ஒருவர்கூடவா இருக்க மாட்டார்கள்?" என்றாள். முதல் செய்திக்கு அதுதான் என் விடையும். அவள் பிறகு பௌதிகம் படித்தாள், இன்று ஆசிரியையாக இருக்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வடக்கிலும் வடமேற்கிலும் வானத்தின் அடிப்பகுதி வெளுத்துக் கிடந்தது. ஊர்களின் விளக்கு வெளிச்சம் மேலே ஏறி, தூசியில் பட்டுச் சிதறி, மலைவரை வந்துவிட்டது. அங்கே மங்கலான விண்மீன்களை எண்ணியிருக்கிறேன். இப்போது எண்ண முடியவில்லை.

மௌனத்தைப் பற்றிய இரண்டாவது செய்தியை இன்னொரு நாள் பேசுகிறேன். நேரம் போகிறது, விண்ணப்பம் அவசரமானது.

தெருவிளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவுப்பணி முடிந்து வரும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் வெளிச்சம் அவள் காலடியில் விழ வேண்டும், மேகத்தில் அல்ல. விளக்கின் மேல் ஒரு குடை போன்ற மூடி, கண்ணைக் குத்தும் வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் சார்ந்த நிறம், நள்ளிரவுக்குப் பிறகு மங்கல். மேலே வீணாகும் வெளிச்சத்துக்கும் நாம்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். தன் வீட்டு விளக்கு தன்னைச் சுடாதா? காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே லடாக்கில் ஹன்லே ஆய்வகத்தையும் நடத்துகிறது. அங்கே 2022-இல் இருண்ட வானக் காப்பகம் அறிவித்தார்கள். வீடுகளில் திரை போடுகிறார்கள், விளக்குகளுக்கு மூடி போடுகிறார்கள். லடாக்கில் முடிந்தது நம் மலையடிவாரத்தில் முடியாதா? நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஊர் முழுக்கக் கேட்கவில்லை. முதலில் ஒரே ஒரு தெரு. இந்த நூலகத் தெருவில் பதினான்கு கம்பங்கள், நான் எண்ணி வந்திருக்கிறேன். மூடி செய்துதரப் பட்டறைக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் முன்வந்திருக்கிறார்.

கையெழுத்துத் தாள் வாசலில், நூல் கட்டிய பேனாவோடு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் வெளிவிளக்குகளை அணைக்க அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். தை மாதம், கார்த்திகை விண்மீன் கூட்டம் உச்சியில் இருக்கும். என் பாட்டி அதை ஆறாமீன் என்பார். விளக்கு எரியும்போது ஒரு முறை எண்ணுங்கள், அணைந்தபின் ஒரு முறை எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.