ஓடின் ஓடவே இல்லை!

வணக்கம் மக்களே. போன வீடியோவில் ஒரு கேபிளை எப்படியெல்லாம் திட்டினேன் என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கேபிளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்த வீடியோ.

சாம்சங் போன். ஓடினில், அதாவது கணினியிலிருந்து சாம்சங் போனுக்கு மென்பொருள் ஏற்றும் கருவியில், ஃபர்ம்வேர் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுகிறேன், ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கட்டத்தில் ஃபெயில். மூன்று கேபிள் மாற்றினேன். முன் போர்ட், பின் போர்ட் எல்லாம் பார்த்தேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். எப்போதும் தூக்கிக் காட்டுவேனே, அந்தக் கறுப்புக் கேபிள், அதையும் விடவில்லை. "போர்ட் மாத்துங்க" என்று எதற்கெடுத்தாலும் எழுதுகிறீர்களே, உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். கேபிள் தகராறு என்றால் பெரும்பாலும் போனோடு இணையும் முதல் படியான செட்டப் கனெக்‌ஷனிலேயே நின்றுவிடும். இது அதைத் தாண்டி, பூட்லோடர், அதாவது போனை முதலில் எழுப்பும் மென்பொருள், போகும்போது விழுந்தது.

பதில் போனிலேயே இருந்தது. ஃபர்ம்வேர் ஏற்றும்போது போன் காட்டும் டவுன்லோடு மோடு திரையின் மேல் மூலையில் சிவப்பாக ஒரு வரி, அவ்வளவு பொடி எழுத்து. இன்னொரு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன்: எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 5, பைனரி 4.

போனில் இருக்கும் பூட்லோடரின் எண் 5, நான் திணிப்பது 4. எண் கூடிய புது பூட்லோடர் ஏறினால் சிப்புக்குள் ஃபியூஸ் ஒன்று எரிந்துவிடும், எரிந்தது எரிந்ததுதான். அசல் ஃபைல், சாம்சங்கின் டிஜிட்டல் கையெழுத்து சரி, இருந்தும் எண் குறைந்தால் உள்ளே விடாது. பூட்லோடரை அன்லாக் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஓட்டை உள்ள பழசைப் போட்டு யாரும் நுழையக் கூடாது என்பதற்கான பூட்டு இது. எரிச்சல்தான், ஆனால் நியாயம்.

அந்த எண் எங்கே இருக்கிறது தெரியுமா? ஃபர்ம்வேர் பதிப்பின் பெயரில், கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து. 9 தாண்டினால் ஏ, பி என்று போகும். ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டுவிட்டு, அந்த ஒரு எழுத்தைப் பார்க்கவில்லை நான்!

5 உள்ள ஃபைலைப் போட்டேன். பச்சையில் பாஸ். அதுவும் அதே கறுப்புக் கேபிளில்!

அட, ஒன்று விட்டுப்போச்சு. ஓடினின் சிஎஸ்சி கட்டத்தில் சிஎஸ்சி ஃபைலை (நாடு, நெட்வொர்க் அமைப்புகள் உள்ளது) போட்டால் போன் மொத்தமும் துடைத்துவிடும். படங்கள் பிழைக்க வேண்டுமென்றால் அதே கட்டத்தில் ஹோம் சிஎஸ்சி ஃபைல். பழைய வீடியோ ஒன்றில் "இரண்டும் ஒன்றுதான்" என்று அளந்திருக்கிறேன், அதை நம்பாதீர்கள்.

அடுத்து மேஜையில் மீடியாடெக் சிப் உள்ள ஒரு போன் கிடக்கிறது. அது டிஏ ஃபைலை (ஃபர்ம்வேர் ஏற்ற முதலில் போனுக்குள் அனுப்பும் சின்ன நிரல்) அனுப்பும்போதே முறைக்கிறது. கேபிளை இன்னும் மாற்றவில்லை, சத்தியமாக.