சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட ஊர் இது

நடுவர் ஐயாவுக்கும், வாசிகசாலை முன்றலில் பாயையும் கதிரையையும் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிற ஊராருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கலைஞனை இன்று வாழவைப்பது கோயில் வீதியா, கைப்போனா? எனக்கு முதல் பேசிய மாஸ்டர் கோயில் வீதிக்காக இருபது நிமிடம் கதைத்தார், நன்றாகவே கதைத்தார், விடிய விடிய நடந்த தவில், நாதஸ்வரக் கச்சேரியான மேளச்சமாவைப் பற்றிச் சொன்னபோது எனக்கே எழும்பி அந்தப் பக்கம் போய் இருந்துவிடலாமா என்று இருந்தது. பிறகு போன் மீது மூன்று குற்றம் வைத்தார். பாட்டுச் செயலியில் கேட்கிறவன் முப்பது வினாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறான், கலைஞனுக்குக் காசு வருவதில்லை, பேஸ்புக், இன்ஸ்ரகிராம் என்று பதிவு போட்டே பெடியன் களைத்துப்போகிறான் என்று. சரி, மூன்றுக்கும் வருகிறேன், ஆனால் அவர் வைத்த வரிசையில் வரமாட்டேன்.

முதலில் ஒரு சைக்கிள் கதை. 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. அப்போது என்ன செய்தோம்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற மற்றவர்கள் சுற்றி இருந்து றேடியோ கேட்டோம். கசெற் போட்டால் இன்னும் பகிடி, சுற்றுகிறவனுக்குக் கை நோகத் தொடங்கினால் பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆண்குரலாகிவிடும். மாஸ்டரும் சுற்றியிருப்பார், வயது சரியாகத்தான் வருகிறது! இப்படி ஒரு கருவிக்காகக் கை நோகச் சுற்றிய ஊரில் நின்றுகொண்டு, கருவி வந்து கலையைக் கெடுத்துவிட்டது என்று சொன்னால் எப்படி?

அடுத்தது என் பக்கத்து வாதம், வீதியில் பிறந்த சத்தம் வீதியோடு போய்விடும் என்பது. தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். நான் பிறந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து. அவர் வாசித்த வீதிகளில் நான் நடந்திருக்கிறேன், ஆனால் அந்த வீதி எனக்கு ஒரு சொல்லுக்கட்டைக்கூட வாசித்துக் காட்டவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கற் ரின் நிறையக் கசெற் இருந்தது, பெரியப்பா திருவிழாத் திருவிழாவாகப் போய்ப் பதிந்தவை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே எழும்பி நடந்ததே, அந்த மழைக்குள் அரிசியைத் தூக்குவதா, அம்மம்மாவைத் தூக்குவதா என்று நின்ற நேரத்தில் கசெற்றை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது ரின்னும் இல்லை, ரின் இருந்த அலுமாரியும் இல்லை.

பிறகு பல வருடம் கழித்து ஒருநாள், ரொறன்ரோவில் இருக்கிற யாரோ ஒருவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர், முந்திக் கொண்டுபோன ஒரு கசெற்றை யூரியூப்பில் ஏற்றியிருந்தார். போனைப் பெரியப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் தூரத்தில் ஒருவர் சோடா, சோடா என்று கூப்பிடுகிறார். பெரியப்பா தவிலை விட்டுவிட்டு அந்தக் குரலைப் பிடித்தார். "உது எங்கட வடக்கு வீதியடா" என்றார். அன்றைக்கு அந்த வீடியோவை நாங்கள் நாலு தரம் கேட்டோம். வீதியை யார் காப்பாற்றியது, மாஸ்டர்?

சரி, காசு. இங்கே நான் பொய் சொல்லப்போவதில்லை. ஸ்பொட்டிஃபை என்கிற பாட்டுச் செயலி இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். 2024இலிருந்து அங்கே ஒரு விதி, ஒரு பாட்டு முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே இல்லை. எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் ஒருவர் ஒரு கீர்த்தனையை ஏற்றினால் ஆயிரம் என்பது சின்ன எண் இல்லை. நேரே கொண்டுபோய் ஏற்றவும் முடியாது, இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். அதையும் தாண்டிப் பணம் வந்தாலும் அதை வாங்கிக்கொள்வது இன்னொரு கதை, பேபால் என்கிற இணையப் பணச்சேவை வழியாக இலங்கையில் பணம் பெற வழியில்லாமல் வருடக்கணக்காக இருந்தோம். ஆகவே செயலி தருகிற காசில் பெடியன் வீடு கட்டுவான் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் கச்சான் கோதால் எறிவீர்கள்.

ஆனால் கலியாணத்துக்கு மேளம் பேச வருகிறவர் இன்று என்ன கேட்கிறார்? "தம்பி, ஒரு வீடியோ அனுப்புங்கோ." என்னுடைய மருமகன் தவில்காரன். சுவிஸில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தான். அழைத்தவர்கள் அவனை நேரில் ஒருநாளும் கேட்டதில்லை, மூன்று நிமிட வீடியோ ஒன்றை வட்ஸ்அப்பில் யாரோ யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றித் தர்மகர்த்தாவின் போனில் போய் விழுந்திருக்கிறது. சம்பளம் வீதியில்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வீதிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது எது?

முப்பது வினாடிக்கு வருவோம். ஸ்பொட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு, உண்மை. அதே கணக்கைக் கோயில் வீதியில் வைத்துப் பார்ப்போமா? பல்லவி தொடங்கக் கச்சான் வாங்கப் போனவர் எத்தனை பேர், சினிமாப் பாட்டு வரும்வரை ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் நின்றவர் எத்தனை பேர், மேளத்தின் முன் நின்றுகொண்டே காணி வழக்குக் கதைத்தவர் எத்தனை பேர்? (முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.)

பதிவு போட்டே களைப்பு என்றார் அல்லவா, அதற்குத்தான் பதிவை முன்கூட்டியே ஏற்றி நேரம் குறித்து வைக்கிற கருவி இருக்கிறது. ஹூட்சூற் 2008இல் வந்தது, பஃபர் 2010இல் வந்தது, பேஸ்புக்கையும் இன்ஸ்ரகிராமையும் ஒரே இடத்தில் பார்க்க மெற்றா நிறுவனமே இலவசமாக ஒன்று தருகிறது. ரொறன்ரோவில் வேலை முடிந்து சாப்பிட்டுச் சோபாவில் சாய்கிற நேரம் இரவு எட்டு மணி. கோடைகாலத்தில் அது எங்களுக்கு அடுத்த நாள் விடியப்புறம் ஐந்தரை. முந்தின பின்னேரமே வீடியோவை ஏற்றி நேரத்தைக் குறித்துவிட்டால் மருமகன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது அது தானாக அங்கே போய்ச் சேரும்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு, எதிரணி கண்டுபிடிக்க முதல் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் போகும்படி, "அதிரடிக் கொண்டாட்டம், குடும்பத்தோடு வாருங்கள்" என்று குறித்து வைத்தேன். வியாழன் இரவு பக்கத்து வீட்டு ஐயா மோசம் போய்விட்டார். நான் அங்கே பந்தல் போட ஓடித்திரிந்ததில் குறித்து வைத்ததை மறந்தே போனேன். ஐந்தரைக்கு அது போய்விட்டது, ஐந்து முப்பத்தைந்துக்கு லண்டனிலிருந்து சித்தப்பாவின் போன். கொம்பியூட்டருக்குச் செத்தவீடு தெரியாது, எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், பிழை என்னுடையது. அந்த வீட்டு அக்காவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "அப்பாவுக்கு மேளம் எண்டால் உயிர், விடு தம்பி" என்றா. இப்போது பின்னேரம் பின்னேரம் ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறது.

மாஸ்டர் தொடாமல் விட்ட ஒன்றையும் சொல்லவேண்டும். 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள் பிடித்தேன்' என்று ரி.எம். சௌந்தரராஜன் பாடியதை எத்தனை கோயில் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள்? எழுதியவர் எங்கள் இணுவில் வீரமணி ஐயர் என்று ஒருநாளாவது அந்த ஒலிபெருக்கி சொன்னதா? செயலியில் பாட்டின் விபரத்தைத் திறந்தால் எழுதியவர் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது. பல பாட்டுக்கு அது நிரப்பப்படாமல் கிடக்கிறது, அது எங்கள் சோம்பல். ஆனால் இடம் இருக்கிறது.

அரசாங்கம் நினைத்தால் போனை முடக்கிவிடுமே என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. முடக்கியதுதான், 2018இலும் 2019இலும் 2022இலும் சமூக வலைத்தளங்களை நிறுத்தினார்கள். வீதி மட்டும் திறந்தே கிடந்ததா? ஊரடங்கில் எத்தனை திருவிழா நின்றது, 2020இல் கொரோனாவுக்குச் சனத்தை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள், மேளக்காரர் வீட்டுத் திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களே. அந்த வருடம் நல்லூர்க் கந்தன் திருவிழாவை நீங்கள் எதில் பார்த்தீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா, ஒரே ஒரு விசயம். மாஸ்டர் பேச எழும்பியபோது பின்னால் கமரா வைத்திருக்கிற தம்பியிடம், "லைவ் போகுதோ, சத்தம் கேக்குதோ" என்று இரண்டு தரம் கேட்டார். மகள் மெல்பேர்னிலிருந்து பார்க்கிறாவாம். இங்கே ஒன்பது மணி, அங்கே இப்போது இரவு ஒன்றரை. பிள்ளை நித்திரை முழித்துக்கொண்டு இருக்கிறா. நான் இருந்துவிடுகிறேன், அப்பாவின் பதிலுரையையும் கேட்டுவிட்டுப் படுக்கட்டும்.